சிசோமோவின் கையில் கரண்டி

(கோச்சடைப் பங்கு ஆலயத்தின் அசன விழாவில், ஊர்கூடி உண்ணும் நண்பகல் பந்திக்கு முன் நடந்த பொதுக்கூட்டத்தில் பேசியது)

பந்தலுக்கு வெளியே வெயிலும் பந்தலுக்கு உள்ளே பசியும் ஒருசேரக் கொதிக்கின்ற இந்த நண்பகலில், அவைக்குத் தலைமை தாங்குவதோடு, "பந்திக்கு நேரமாகுது, பாத்துப் பேசுங்க" என்று என் காதோரம் கனிவாய்க் கட்டளையும் இட்டிருக்கின்ற பங்குத்தந்தை அருட்திரு ஆலன் அடிகளார் அவர்களே! முன்வரிசையில் வீற்றிருந்து, பாதிக் கண்ணால் என்னையும் மீதிக் கண்ணால் அடுக்களைப் புகையையும் பார்த்துக்கொண்டிருக்கும் ஆன்றோர்களே! மடியில் மழலையையும் மனத்தில் பொறுமையையும் ஏந்தி அமர்ந்திருக்கும் தாய்மார்களே! ஒலிவாங்கியே இல்லாமல் ஊர் கேட்கப் பேசும் ஆற்றல் பெற்ற இளைஞர் பட்டாளமே! சிலுவை அணிந்தோரே! திருநீறு அணிந்தோரே! இரண்டும் அணியாமல் இலை விழும் ஓசைக்காக மட்டுமே காத்திருப்போரே! உங்கள் ஒவ்வொருவர்க்கும், கீழக்குயில்குடியின் மலையடிவாரத்தில் பிறந்து, இந்த ஊர்ப் பள்ளியில் தமிழ் கற்பித்துத் தலைநரைத்த தமிழ்மாறன், நெஞ்சம் நிறைந்து, நிறைந்தது வழிந்து, வழிந்ததை வணக்கமாய் வைத்து நிற்கிறேன்!

யார் அங்கே? பந்தற்காலைப் பிடித்துக்கொண்டு நிற்பவர் ஏதோ சொல்கிறார். "அண்ணே, சோறு வெந்துருச்சுண்ணே, சுருக்கா முடிங்க" என்கிறீர்களா? நல்லது தம்பி! சோறு வெந்துவிட்டது என்று அறிவிக்கும் உரிமை இந்த மேடைக்கும் இல்லை, உங்களுக்கும் இல்லை. அது அடுப்பங்கரையில் அரசாட்சி புரியும் சமையற்கலைஞர் முத்திருளனார்க்கு மட்டுமே உரியது. அவர் இன்னும் அப்பளத்தையே தொடவில்லை. ஆகவே நான் பேசுகிறேன், நீங்கள் கேளுங்கள்!

எதைப் பற்றிப் பேசப் போகிறேன்? தொண்டு பற்றிப் பேசு என்றார் அடிகளார். தொண்டு என்றால் மேடையில் எல்லாரும் என்ன பேசுவார்கள்? தியாகம் என்பார்கள், திருப்பணி என்பார்கள், மெழுகுவர்த்தி என்பார்கள். நான் மெழுகுவர்த்தியைப் பற்றிப் பேச வரவில்லை. நான் பேச வந்திருப்பது ஒரு கரண்டியைப் பற்றி! நம் மதுரைக்காரி ஒருத்தியைக் கண்டம் விட்டுக் கண்டம் போய் மாட்டிக்கொள்ள வைத்த கரண்டியைப் பற்றி!

அந்த மதுரைக்காரி யார்? இதே தெருவில் வாழும் இன்னாசிமுத்து ஐயாவும் பாக்கியம் அம்மையாரும் பெற்ற ஒரே மகள். நான் தமிழ் கற்பிக்கும் அதே பள்ளியில் கணக்குக் கற்பித்த ஆசிரியை. அருமைத் தங்கை ஐரின்! விடுமுறையில் வந்திருக்கிறார், அடுத்த கிழமை மீண்டும் புறப்படுகிறார். மேடைக்கு அழைத்தோம். "நான் வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருக்கேன், நீங்களே பேசிருங்கண்ணே" என்று மறுத்துவிட்டார். ஆகவே அவர் வெங்காயம் உரிக்கிறார், நான் வரலாறு உரைக்கிறேன்.

சென்ற ஆண்டுக்கு முந்தைய ஆண்டு, ஆப்பிரிக்கக் கண்டத்து மலாவி நாட்டில் ஏரிக்கரையோரம் இயங்கும் ஒரு குழந்தைகள் இல்லத்துக்குத் தன்னார்வத் தொண்டராய்ப் போகிறேன் என்று ஐரின் சொன்னபோது, இந்தத் தெரு என்ன சொன்னது? நினைவிருக்கிறதா? நினைவில்லாதது போல் நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டாலும், நான் நினைவூட்டாமல் விடப் போவதில்லை!

"வெளிநாடா? அடி சக்கை! எம்புட்டுச் சம்பளம்?" என்றார் ஒருவர்.

"சம்பளம் இல்லை மாமா. சாப்பாடும் தங்க இடமும் தருவாங்க" என்றார் ஐரின்.

"சம்பளம் இல்லாம வேல பாக்குறதுக்கு ஏன் தாயி பிளைட்டு ஏறிப் போகணும்? எங்க வீட்லயே கெடக்குது அம்புட்டு வேல!" என்றார் அவர்.

சிரிக்கிறீர்கள். சொன்னவரும் சிரிக்கிறார், அதோ மூன்றாவது வரிசையில்! பெயர் சொல்ல மாட்டேன்.

இன்னாசிமுத்து ஐயா மட்டும் சிரிக்கவில்லை. "புள்ளைகளுக்குச் சொல்லிக் குடுக்கணும்னா இங்க புள்ளைக இல்லையா?" என்று கேட்டார். நல்ல கேள்வி! நியாயமான கேள்வி! அதற்கு ஐரின் என்ன சொன்னார்? "இங்க நீங்கள்லாம் இருக்கீங்கப்பா. அங்க கூப்புடுறாக. ஆண்டவர் காட்டுற பக்கம் போயிட்டு வாரேன்." அவ்வளவுதான். ஆரப்பாளையத்தில் பேருந்து ஏறினார். வானூர்தி ஏறினார். கடல் கடந்தார், கண்டம் கடந்தார், கரண்டியில் அகப்பட்டுக்கொண்டார்!

அந்த இல்லம் எப்படிப்பட்டது? பெரிய ஏரி, அதன் கரையில் மாமரங்கள், மாமரங்களின் நடுவே ஓடு வேய்ந்த நீண்ட கட்டடம். தாய் தந்தையரை இழந்த பிள்ளைகள், இருந்தும் அவர்களால் உணவளிக்க முடியாத பிள்ளைகள், அங்கே வாழ்கிறார்கள். காலையில் செபம். பிறகு அடிகுழாயில் தண்ணீர் அடித்துக் குடம் சுமக்க வேண்டும். மாமரத்தடியில் கணக்குப் பாடம். மாலையில் பந்தாட்டம். பந்து எது தெரியுமா? நெகிழிப் பைகளைச் சுருட்டிச் சுருட்டி, நூலால் இறுக்கிக் கட்டிய உருண்டை! அதை உதைத்து ஓடும் பிள்ளைகளின் நடுவே, அந்நாட்டுப் பெண்கள் இடுப்பில் சுற்றும் பூப்போட்ட துணியைச் சுற்றிக்கொண்டு நம் கணக்கு ஆசிரியையும் ஓடினார்! இதைத் திறன்பேசியின் திரையில் கண்ட பாக்கியம் அம்மையார், "என்னடி இது, உங்கப்பா கைலியக் கட்டிக்கிட்டுத் திரியிற!" என்று பதறியதை நான் அருகிலிருந்தே கேட்டேன்.

பிள்ளைகள் ஐரினை 'அக்கா' என்றார்கள். நம் தமிழ்ச் சொல், நம் தமிழ் உறவு, அந்த ஏரிக்கரையில் பூத்தது. எல்லாம் இனிதே நடந்தது. எது வரைக்கும்? முதல் ஞாயிறு வரைக்கும்!

ஞாயிற்றுக்கிழமை. சமையல் பொறுப்பாளர் ஓர் அம்மையார். பெயர் பாண்டா. பாண்டிய நாட்டுக்காரியின் காதுக்கு எவ்வளவு நெருக்கமான பெயர்! அவர், புதிதாய் வந்த பெண் ஆசையாய்க் கேட்கிறாளே என்று, கரண்டியை ஐரினிடம் கொடுத்தார். அங்கே முதன்மை உணவு வெள்ளை மக்காச்சோள மாவில் கிண்டும் களி. தொட்டுக்கொள்ள அவரை, கீரை, சில நாள் ஏரிமீன். பிள்ளைகள் தட்டேந்தி வரிசையில் நின்று, சமையலறைச் சன்னலில் வாங்கிச் செல்வார்கள். சன்னலுக்கு உட்புறம் யார்? ஐரின்! எப்படிப்பட்ட ஐரின்? இந்த அசனப் பந்தியில் வாளி தூக்கி வளர்ந்த ஐரின்!

இப்போது உங்களை ஒன்று கேட்கிறேன். நம் பந்தியில் ஒருவர் இலையின் மேல் கையை விரித்து, "போதும் போதும்" என்கிறார். நாம் என்ன செய்வோம்? நிறுத்துவோமா?

கேட்டீர்களா, அம்மாக்களின் பதிலை! "நிறுத்த மாட்டோம்!" நிறுத்தினால் அது பந்தியா? நிறுத்தினால் அது மதுரையா? கையை விலக்கச் சொல்லி ஒரு கரண்டி! விலக்காவிட்டால் விரலிடுக்கில் ஒரு கரண்டி! "ஒரு வாய்தானே மச்சான்" என்று சொல்லி இன்னொரு கரண்டி! போதும் என்பது உண்பவரின் நாகரிகம், போட்டுக்கொண்டே இருப்பது நம் நாகரிகம்!

அந்த நாகரிகத்தை ஐரின் மலாவியில் அரங்கேற்றினார்! அங்கே பிள்ளைகள் கற்றிருந்த நாகரிகமோ வேறு. தட்டில் விழுந்த உணவை மீதம் வைக்கக் கூடாது. பசியைக் கண்ணால் கண்ட பிள்ளைகள், ஐயா! சோற்றின் அருமை அவர்களுக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பெரியவர் போட்டதை மறுப்பதும் அங்கே மரியாதை அன்று. ஒரு பையன் துணிந்து "போதும் அக்கா" என்றான். நம் அக்கா விடுவாரா? இன்னும் ஒரு கட்டி!

அன்று பிற்பகல் பந்தாட்டம் நடக்கவில்லை. ஏன்? ஆட ஆள் இல்லை! மாமர நிழல் முழுதும் பாய்கள். பாய் முழுதும் பிள்ளைகள். பிள்ளை ஒவ்வொன்றின் கையும் அதன் வயிற்றின் மேல்! இஞ்சி தட்டிக் கொதிக்க வைத்து ஆளுக்கொரு குவளை கொடுத்துத்தான் அந்த இல்லத்தை எழுப்பி நிறுத்தினார்கள். இது போதாதென்று, மறுநாள் காலைக்கு வைத்திருந்த மாவும் அன்றே தீர்ந்துபோயிருந்தது!

பாண்டா அம்மையார் இடுப்பில் கைவைத்து நின்று கேட்டதை, நம் ஊர்ப் பேச்சில் சொன்னால் இப்படி இருக்கும்: "ஏத்தா! நீ எங்க புள்ளைகளுக்குச் சேவை செய்ய வந்தியா, இல்ல அதுக வயித்த ஒடைக்க வந்தியா?"

ஐரின் கண்ணைக் கசக்கிக்கொண்டு, "புள்ளைக மெலிஞ்சு கெடக்குதுகளேன்னு அள்ளி வச்சேன் அமாயி" என்றாராம். அமாயி என்றால் அங்கே அம்மா.

இல்லத்தின் தலைவர் பீரி என்னும் பெரியவர். கோபித்துக்கொள்ளத் தெரியாத மனிதர். அதனால்தான் அவர் சொல்லில் கூர்மை அதிகம். "மகளே, விருந்தாளி ஒரு நாள் உண்டு போய்விடுவான். இவர்கள் இங்கே வாழ்கிறவர்கள். இன்று மிகுதியாய்ப் போடுவது இவர்களுக்குப் பெரிதன்று, நாளையும் இருக்கிறது என்று காட்டுவதே பெரிது. மழைக்காலம் வரை பார்ப்போம். நீ இங்கே இருப்பதா, ஊர் திரும்புவதா என்று அப்போது முடிவு செய்வேன். அது வரையில் கரண்டியைத் தொடாதே."

கரண்டி பறிபோயிற்று! அன்று மாலையே தாய்க்குத் தொலைபேசி. பாக்கியம் அம்மையார் என்ன ஆறுதல் சொல்லியிருப்பார்? "வயித்து வலிதானடி! வெத்தலையில ஓமம் வச்சு மடிச்சுக் குடுத்துட்டு, மறுபடியும் போட வேண்டியதுதான!" தாயே, தலைவணங்குகிறேன்! நீங்கள் ஒருவரே போதும், மதுரையின் மானம் மலாவியிலும் குறையாது!

கைதட்டல் போதும் போதும். இதை மட்டும் நீங்கள் உண்மையாகவே நிறுத்துங்கள், ஏனென்றால் இனிமேல்தான் வரலாறு தொடங்குகிறது.

சமையலறைக் கதவு மூடியது, சலவைக்கூடக் கதவு திறந்தது. பிள்ளைகளின் பாயை உதறுவதும் போர்வையைத் துவைப்பதும் ஐரினின் வேலையாயின. ஒரு காலை, சிறுமியர் கூடத்தில் ஒரு பாயைத் தூக்கினார். தரையில் எறும்புச் சாரை. சாரையின் முடிவில் ஒரு துணி முடிச்சு. முடிச்சுக்குள், காய்ந்து கல்லாகி, பச்சைப் பூசணம் பூத்த களிக் கட்டிகள்!

யாருடைய பாய்? சிசோமோ. அங்குள்ள பிள்ளைகளிலேயே சின்னஞ்சிறியவள். அவர்கள் மொழியில் அந்தப் பெயருக்கு அருள் என்று பொருள். அருளுக்கு உடம்பு இல்லை, கண் மட்டுமே இருந்தது. அடிக்கடி வயிற்றுப்போக்கு, அடிக்கடி காய்ச்சல். காரணம் புரியாமல் மருத்துவர் மருந்தை மாற்றிக்கொண்டே இருந்தார். காரணம் பாயின் அடியில் இருந்தது! வாங்கும் உணவில் பாதியை உண்ணாமல் ஒளித்து வைப்பாள். பிறகு, கெட்டுப்போனதைத் தின்பாள்.

பாண்டா அம்மையாரிடம் சொன்னார் ஐரின். அவர் தலையில் கைவைத்தார். "திரும்பவுமா? போன வருசமே சொல்லிப் பாத்துட்டேன். கெஞ்சிப் பாத்துட்டேன். விட்டுட்டான்னுல்ல நெனச்சிருந்தேன். இந்தத் தடவை உடம்பு விழுந்துச்சுன்னா, பட்டணத்து ஆசுபத்திரி இல்லத்துல கொண்டுபோய் விட்ரணும்னு பெரியவரு சொல்லிட்டாரு. அங்க இவளுக்குத் தெரிஞ்ச முகம் ஒண்ணுகூடக் கிடையாது."

எண்ணிப் பாருங்கள் தாய்மார்களே! சிற்றப்பன் வீட்டிலிருந்து சிற்றன்னை வீடு, அங்கிருந்து அண்டை வீடு, அங்கிருந்து இந்த இல்லம். கடைசியில் கால் ஊன்றிய இடத்திலிருந்தும் அந்தக் குழந்தையைப் பிடுங்கி நடப் போகிறார்கள். ஒரு களிக் கட்டிக்காக!

ஐரின் சிசோமோவின் அருகே அமர்ந்து கேட்டார். "ஏன்டா தங்கம் ஒளிச்சு வைக்கிற? நாளைக்கும் சமைப்போம்ல?"

சிசோமோ என்ன சொன்னாள் தெரியுமா? "எங்க வீட்டுலயும் நாளைக்குச் சமைப்போம்னுதான் சொல்லுவாங்க அக்கா. நாளைக்குப் பானை இருக்கும். உள்ள ஒண்ணும் இருக்காது."

அவையோரே! நாளை சமைப்போம் என்பதும் ஒரு சொல். சொல்லைக் கேட்டுக் கேட்டு ஏமாந்த குழந்தைக்கு, இன்னொரு சொல்லைக் கொடுத்து என்ன பயன்?

வரிசையைப் பாருங்கள். சன்னலின் முன் பிள்ளைகள் முண்டியடிக்கிறார்கள். பெரியவர்கள் முன்னே, சிறியவர்கள் பின்னே. சிசோமோ கடைசி. முன்னால் நிற்பவர் முதுகுதான் அவளுக்குத் தெரியும். சன்னலுக்கு அப்பால் பானையில் எவ்வளவு இருக்கிறது? தெரியாது. தன் முறை வரும்போது இருக்குமா? தெரியாது. தெரியாததுதான் ஐயா பயம்! வயிற்றில் பசி இருந்தால் ஒரு வேளையில் தீரும். கண்ணில் பசி இருந்தால் எத்தனை வேளை போட்டாலும் தீருமா?

அப்போதுதான் நம் ஐரினுக்கு நம் பந்தி நினைவுக்கு வந்தது. இங்கே யார் எழுந்து போய் வாங்குகிறார்கள்? யாரும் இல்லை. உண்பவர் உட்கார்ந்திருப்பார், உணவு நடந்து வரும். இன்னொன்றையும் கவனியுங்கள். எந்த அசனத்திலாவது வாளி தூக்குகிற பையன், எனக்குக் கிடைக்குமோ கிடைக்காதோ என்று கவலைப்பட்டதைக் கண்டிருக்கிறீர்களா? காண முடியாது! ஏன்? வாளியின் உட்புறத்தை முதலில் பார்க்கிறவன் அவன்தான்!

நேரே போனார் பீரி பெரியவரிடம். "ஐயா, வரிசை வேண்டாம். பிள்ளைகளைப் பாய் விரித்து உட்கார வையுங்கள். உணவைப் பிள்ளைகளே பரிமாறட்டும். சிசோமோவின் கையில் கரண்டியைக் கொடுங்கள்."

கரண்டி என்ற சொல்லைக் கேட்டதும் பெரியவர் நிமிர்ந்தார். "யார் கையில்?"

"என் கையில் இல்லை ஐயா, அவள் கையில்."

"உணவைப் பதுக்குகிற குழந்தையின் கையில் உணவையே ஒப்படைக்கச் சொல்கிறாயா?"

ஐரின் வாய் திறக்குமுன், பின்னால் நின்ற பாண்டா அம்மையார் முன்னே வந்தார். "குடுத்துப் பாப்போம் பெரியவரே. இந்தப் பொண்ணு கரண்டியத் தொடாம நான் பாத்துக்கிறேன். சிசோமோ தொடுறதுக்கு நான் பொறுப்பு." சண்டையிட்ட அம்மையே சான்றாய் நின்றார்!

பாய் விரித்தார்கள். பிள்ளைகள் அமர்ந்தார்கள். மலாவி மண்ணில் மதுரைப் பந்தி! பெரிய பையன் ஒருவன் வாளியைத் தூக்க, சிசோமோ கரண்டியோடு வந்தாள். என்ன நடந்தது? அள்ளி அள்ளிப் போட்டாளா? இல்லை! ஒவ்வொரு தட்டிலும் கிள்ளிக் கிள்ளி வைத்தாள். கோழிக்குஞ்சுக்கு வைப்பது போல! தீர்ந்துவிடுமே என்ற அச்சம்! பிள்ளைகள் கத்தினார்கள். "என்னடி இது, எறும்புக்கா வைக்கிற?" என்று ஒருவன் கேலி பேசினான். ஒருத்தி தட்டைத் தட்டினாள். சிசோமோவின் கண்ணில் நீர் முட்டியது. ஆனால் கை தளரவில்லை, கிள்ளிக்கொண்டே போய்க் கடைசித் தட்டையும் முடித்துவிட்டாள்.

ஓடிப் போய்ப் பரிமாறத் துடித்தது ஐரினின் கை. தொடக் கூடாதே! இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். ஒரு மதுரைக்காரிக்கு இதைவிடப் பெரிய தண்டனை உலகில் உண்டா?

பாண்டா அம்மையார் சிசோமோவை அழைத்தார். வாளியைச் சாய்த்துக் காட்டினார். "உள்ள பாரு. எம்புட்டு மிச்சம் இருக்கு?"

சிசோமோ பார்த்தாள். எல்லார்க்கும் வைத்த பிறகும் வாளியில் பாதிக்கு மேல் களி! ஊர் முழுதும் உண்ட பின்னும் உணவு மீந்திருக்கும் காட்சியை அந்தக் குழந்தை தன் வாழ்நாளில் அன்றுதான் கண்டது!

"போ, இன்னொரு சுத்துப் போயிட்டு வா" என்றார் அம்மையார்.

போனாள். இந்த முறை கிள்ளவில்லை. அள்ளினாள். முன்பு கேலி பேசிய பையன், "மகாராணிக்கு இப்பத்தான் மனசு எறங்குது" என்றான். அவன் தட்டில் மட்டும் சின்னக் கட்டி!

கிழமைகள் கடந்தன. நாளொரு பிள்ளை துணைக்கு வந்தாலும், கரண்டி மட்டும் சிசோமோவினுடையது. ஐரின் ஒரு நாள் பாயைத் தூக்கினார். எறும்பு இல்லை. மறுநாள் தூக்கினார், துணி முடிச்சு இல்லை. பிறகு ஒரு நாள், "அக்கா, தினமும் என் பாயை மட்டும் ஏன் தூக்கித் தூக்கிப் பாக்குறீங்க?" என்று அவளே கேட்டுவிட்டாள்! காய்ச்சல் போயிற்று. கன்னம் வந்தது.

இத்துடன் முடித்தால் இனிமையாய் முடியும். முடிக்கச் சொல்லித்தான் தம்பி, நீங்கள் மறுபடியும் கை காட்டுகிறீர்கள். ஆனால் மழை வந்ததே! அதைச் சொல்லாமல் எப்படி முடிப்பேன்?

மழை என்றால் நம் வையையில் வருகிற விருந்தாளி மழை அன்று. வானமே வாய் திறந்த மழை! பக்கத்துச் சிற்றூர்களில் ஆறு புகுந்தது. ஒரு நண்பகல், பிள்ளைகள் பந்தியில் அமர்ந்த அதே வேளையில், சரக்குந்து ஒன்று வாசலில் வந்து நின்றது. அதிலிருந்து சேறு அப்பிய பிள்ளைகள் இறங்கினார்கள். வீடு போன பிள்ளைகள். பெற்றோர் எந்தக் கரையில் ஒதுங்கினார்களோ அறியாத பிள்ளைகள். முகம் கழுவி, பாய் விரித்து, பந்தியின் கடைசியில் அமர்த்தினார்கள். சமைத்ததோ இல்லத்துப் பிள்ளைகளுக்கு மட்டும்!

சிசோமோ பரிமாறிக்கொண்டே வருகிறாள். வாளி குறைகிறது. வருகிறாள். வாளி குறைகிறது. கடைசிப் பையன், தட்டை இரு கையாலும் இறுகப் பிடித்திருக்கிறான். கரண்டி உள்ளே போயிற்று. அடியில் உரசிற்று. வெறும் கரண்டி மேலே வந்தது!

வாளியில் ஒன்றும் இல்லை.

ஐரின் என்னிடம் சொன்னார்: "அண்ணே, இம்புட்டு நாளா கட்டுனதெல்லாம் இந்த ஒரு வாளியில இடிஞ்சு போகுமேன்னு பதறிட்டேண்ணே." கூடத்து வாசலில் பீரி பெரியவர் நிற்கிறார். அவரும் பார்க்கிறார். சிசோமோ வாளிக்குள் பார்க்கிறாள். அந்தப் பையன் சிசோமோவைப் பார்க்கிறான்.

கரண்டியைக் கீழே வைத்தாள். திரும்பி நடந்தாள். போச்சு என்று நினைத்தார் ஐரின். எங்கே போனாள்? பாய்க்கா? ஒளிவதற்கா? இல்லை ஐயா, இல்லை! பரிமாறுகிற பிள்ளைகளுக்கென்று முதலிலேயே எடுத்து மூடி வைக்கும் தட்டுகள் சமையலறைப் பலகையில் இருக்கும். அதில் தன் தட்டை எடுத்தாள். கொண்டு வந்தாள். அந்தப் பையனின் முன் வைத்தாள். பிறகு சமையலறைப் பக்கம் திரும்பி, உரத்த குரலில், உத்தரவு போட்டாள்:

"அமாயி! இன்னொரு பானை வையுங்க!"

தட்டுங்கள் கையை! இப்போது தட்டாமல் எப்போது தட்டப் போகிறீர்கள்!

நாளைக்குப் பானை இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது என்று சொன்ன அதே வாய்! அந்த வாய்தான் சொல்கிறது, இன்னொரு பானை வையுங்கள் என்று! கேட்டால் கிடைக்கும் என்று நம்புகிற வாய் அல்லவா அப்படிக் கேட்கும்? பாண்டா அம்மையார் அழுதுகொண்டே சிரித்து, சிரித்துக்கொண்டே அடுப்பைப் பற்ற வைத்தார். விறகு சுமந்து வந்தது யார்? பீரி பெரியவர்! சிசோமோ சமையலறைப் படியில் உட்கார்ந்து, களி வேகும் வரை காலாட்டிக்கொண்டு காத்திருந்தாள். பயந்து காத்திருக்கவில்லை, பாடிக்கொண்டு காத்திருந்தாள்!

அன்று மாலை பெரியவர் ஐரினை அழைத்தார். "மழைக்காலம் வந்துவிட்டது. முடிவு சொல்கிறேன் என்றேன் அல்லவா? சிசோமோ எங்கும் போக வேண்டாம். நீயும் எங்கும் போக வேண்டாம்." ஐரின் மகிழ்ந்து நன்றி சொல்லித் திரும்பியபோது பின்னாலிருந்து குரல் வந்தது: "ஆனால் கரண்டியை மட்டும் நீ தொடாதே!"

அவையீரே! இந்த வரலாற்றில் நான் கண்டது என்ன? இரக்கம் கொண்டோர் எத்தனையோ பேர் அந்த நாட்டுக்குப் போகிறார்கள். இரக்கத்தோடு அள்ளிக் கொடுக்கிறார்கள். கொடுக்கும் கை மேலே, வாங்கும் கை கீழே. ஐரினும் அப்படித்தான் தொடங்கினார். அந்த அன்பில் குறை இல்லை. அந்தக் கைகளின் உயரத்தில்தான் குறை! ஆண்டவர் ஐரினின் கையிலிருந்து கரண்டியைப் பிடுங்கினார். எதற்காக? ஒரு குழந்தையின் கையில் கொடுப்பதற்காக! ஏந்திய கையில் உணவு வைத்தால் ஒரு வேளைப் பசி தீரும். அதே கையில் கரண்டி வைத்தால், நான் வாங்கப் பிறந்தவன் என்னும் எண்ணமே தீரும்! எந்தத் தொண்டு ஒரு குழந்தையைக் கொடுப்பவனாய் நிமிர்த்துகிறதோ, அந்தத் தொண்டின் முன் என் தமிழ் தலைகுனியும், என் தலையும் குனியும்!

ஆண்டவர் காட்டுகிற பக்கம் போகிறேன் என்றார் ஐரின். அவர் காட்டும் பக்கம் மலாவி மட்டும்தானா? கழுத்தைத் திருப்பிப் பாருங்கள். அதோ, தெற்கு வாசலின் அருகே, நீலச் சட்டையில், கைகட்டி அமர்ந்திருக்கிறார்களே, அந்தப் பிள்ளைகள் யார்? நம் பங்கின் விடுதிப் பிள்ளைகள். ஆண்டுதோறும் அவர்களை அழைக்கிறோம். முதல் பந்தியில் அமர்த்துகிறோம். சுற்றி நின்று நிழற்படம் எடுக்கிறோம். அந்தப் பிள்ளைகள் நிமிர்ந்து உண்பதை நீங்கள் பார்த்ததுண்டா?

பாப்பா, நீ எழுந்து நில் அம்மா. உன் பெயர் என்ன? சோலையா? அழகான பெயர்! சோலை, இன்றைக்கு நீ பரிமாறுகிறாயா?

உரக்கச் சொல் அம்மா, கேட்கவில்லை.

கேட்டீர்களா! "வாளி பெருசா இருக்கும் சார், நாங்க ரெண்டு ரெண்டு பேரா சேந்து தூக்கிக்கிறோம்" என்கிறாள்! கேட்டது ஒருத்தியை, 'நாங்கள்' என்று பதில் வருகிறது!

அருட்தந்தையே, உங்கள் முன் ஒரு வேண்டுகோள். சாம்பாரும் இரசமும் கொதிக்கின்றன, அவற்றை இளைஞர்கள் தூக்கட்டும். சோறும் பொரியலும் அப்பளமும் இந்தப் பிள்ளைகள் கையில் வரட்டும். அவர்களுக்கான இலைகளை முதலிலேயே எடுத்து மூடி வைப்போம். முதல் பந்தியில் நீங்களும் நானும் உட்காருவோம். இசைவு தருகிறீர்களா?

தலையசைத்துவிட்டார்! தலையசைத்ததோடு நில்லாமல், எழுந்துவிட்டார்! இலைக்குத்தான் போகிறார்!

பிள்ளைகளே, ஓடாதீர்கள், நடந்தே போங்கள், வாளி எங்கும் போய்விடாது! முத்திருளனாரே, கரண்டிகளைக் கொடுத்துவிடுங்கள்! வழிவிடுங்கள் ஐயா, பரிமாறுகிறவர்கள் வருகிறார்கள், வழிவிடுங்கள்! தாய்மார்களே, சோலை வந்து உங்கள் இலையில் சோறு வைக்கும்போது, குனிந்து இலையைப் பார்க்காதீர்கள், நிமிர்ந்து அவள் முகத்தைப் பாருங்கள். நான் இவ்வளவு நேரம் பேசியதைவிட அந்த முகம் நன்றாகப் பேசும்.

வெயிலையும் பசியையும் என்னையும் ஒருசேரத் தாங்கிய உங்கள் பொறுமைக்கு என் நன்றி. இங்கே வாய்ப்பளித்த அடிகளார்க்கு நன்றி. பெற்ற மகளைப் பிள்ளைகளுக்கெல்லாம் அக்காவாய்க் கொடுத்திருக்கும் இன்னாசிமுத்து ஐயாவுக்கும் பாக்கியம் அம்மையார்க்கும் இருகை கூப்பி வணக்கம். உண்போர் நிறைக! உவந்து படைப்போர் அதனினும் நிறைக! வணக்கம்!